பதினோராவது பதிவு

பத்தோடு முடிய வேண்டிய பாட்டு பதினோராவது முறையாகத் தொடங்கியது. பெருமாநல்லூர் பனியன் கம்பெனியின் வேஸ்ட் குடோனில், வெட்டுத்துணிக் குவியலோரம் ஒடுங்கியிருந்த அன்புசெல்வி விரல்களை மடக்கி மறுபடி எண்ணிப் பார்த்தாள்.

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வந்தால், ரிஜிஸ்டரில் பெயர் இல்லாதவர்களை ஒளித்துவைப்பது அங்கே வழக்கம். இந்த முறை அவள் ஒருத்திதான். பையருக்குப் பிடிக்கும் என்று முதலாளி ஒரு பழைய ஆங்கில நடனப் பாட்டை ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்தார். ஒரே பாட்டு, பத்து பேண்டுகள் பத்துக் காலத்தில் வாசித்துப் பதிவு செய்தது.

"எங்கூர்க் கல்யாண பேண்டு மாதிரியே இருக்குதுங்கக்கா. மாப்பிள்ளையத்தான் காணோம்" என்று உள்ளே நுழையும்போது அன்புசெல்வி சிரித்திருந்தாள்.

"மாப்பிள்ளைய நான் பாத்துத் தாரேன், ஏட்டி. சத்தம் மட்டும் போடாத. பத்தும் முடியட்டும், வந்து தொறக்கேன்" என்றாள் சூப்பர்வைசர் ரோஸ்மேரி. தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, அவள் நெற்றியில் சிலுவையும் வரைந்தாள். கேட்காமல் செய்யும் சிறு உதவியில் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவள் அன்புசெல்வி.

இந்தப் பதிவில் எக்காளங்கள் தூரத்தில் முழங்கின. மெஷின் எண்ணெயும் சாய வாடையும் கலந்த புழுக்கத்தில், பஞ்சுத் தூசி தொண்டையை அடைக்க, டிரம்ஸின் இடைவெளிதோறும் யாரோ மூக்கால் முணுமுணுப்பது கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து இல்லை. முதுகுக்குப் பின்னால்.

அவள் திரும்பவில்லை. கதவிடுக்கில் மாலை வெளிச்சம் சிவந்திருந்தது. பையரின் கார் போய்விட்டது. ஷிப்ட் மணியும் அடித்து ஓய்ந்தது.

கேட்டருகே அம்மா மருதாளின் குரல்.

"ஏனுங்க, எம்புள்ள இன்னும் ஊடு வர்லீங்களே?"

"அவ மத்தியானமே கெளம்பிட்டாளேம்மா" என்றாள் ரோஸ்மேரி. அதே கனிவான குரல்.

அன்புசெல்வி கதவில் அறைந்தாள். "அம்மா! நா இங்கிருக்கறன்!"

பாட்டின் சத்தம் கூடியது. அம்மாவின் குரல் தேய்ந்தது. செருப்புச் சத்தம் கதவுவரை வந்தது. நின்றது.

"அக்கா. அக்கா, தொறங்க."

இரண்டாவது பூட்டு விழுந்தது.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. குளிர்ந்த கை. அவள் கண்ணீரைத் துடைத்தது.

"அழுவாத கண்ணு. தொறப்பாங்க. அக்கா சொல்லியிருக்காங்கல்ல."

துணிக்குவியல் சரிந்தது. உள்ளே ஆளுக்கொரு காலித் தண்ணீர் பாட்டிலோடு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள், ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு, இன்னோர் ஆளுக்கு இடம் விட்டார்கள்.