உப்புச் சர்க்கரைக்கு முன்னால்

“ரத்தம் ஊறுற டானிக்கக் கீழ ஊத்தறயா? உனக்கெல்லாம் புள்ள ஒரு கேடா!”

மாமியார் சின்னாத்தாளின் குரல் வீட்டை ஒட்டியிருந்த பனியன் கம்பெனி வரைக்கும் கேட்டது. பீஸ் மடித்துக்கொண்டிருந்த பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நித்யஸ்ரீ காலி பாட்டிலை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நாலு வயது மகள் யாழினிக்குச் சடை பின்னினாள். குழந்தைக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் குறை; மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்திலேயே இரும்புச்சத்து மிஞ்சி உடம்பைக் கெடுக்கும், டானிக் ஒரு சொட்டும் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அத்தை காதில் ஏறினால்தானே!

“மாசமா இருக்கறப்போ ஒழுங்காத் தின்னிருந்தா இப்பிடி வெளுத்ததப் பெத்திருப்பயா?”

வெளுத்தது. பேத்திக்குச் சின்னாத்தாள் வைத்திருந்த பெயர் அது.

நித்யஸ்ரீ என்ன அசலா? சின்னாத்தாளின் சொந்த அண்ணன் மகள். உரிமைப் பெண் என்று பிடிவாதமாகக் கட்டிவைத்தவளும் இதே அத்தைதான்! குறை தன் ரத்தத்தில் மட்டுமில்லை, கணவன் சதீஷ்குமார் ரத்தத்திலும் இருக்கிறது என்று நித்யஸ்ரீக்குத் தெரியும். “அம்மாகிட்டச் சொல்லீராத, தாங்கமாட்டாங்க” என்று அவன் கெஞ்சியதால் பழியை ஒற்றை ஆளாகச் சுமந்தாள். நல்ல நியாயம்! ஆணுக்குக் கௌரவம், பெண்ணுக்குப் பழி.

இன்றைக்கு அப்படி இருக்க முடியாது. சாயங்காலம் நாத்தனார் தரணிக்கும் நித்யஸ்ரீயின் தம்பி தனபாலுக்கும் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்யப்போகிறார்கள். மாற்றிவிட்டால் வாக்கைத் திருப்ப முடியாது. மறுபடியும் அதே அண்ணன் வீடு, அதே தங்கை வீடு.

“அத்தை, ரெண்டு பேருக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு அப்பறமா மாத்தலாமுங்க.”

“அடிப்பாவி! உன்ற வயித்தெரிச்சல எம்மக மேல காட்டறயா? எங்க ரத்தத்துல என்னடி குத்தம்? டேய் சதீசு, கேட்டயா!”

சதீஷ்குமார் செல்போனைப் பார்த்தபடி நின்றான். நித்யஸ்ரீக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எனக்காகப் பேச வேண்டாமுங்க மாமா. உங்க தங்கச்சிக்காகவாவது வாயத் தொறங்க! நாளைக்கு அவளும் ஒரு யாழினியத் தூக்கிட்டு ஆஸ்பத்திரியில உக்காரோணுமா...?”

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது.

“அம்மா... கொறை எனக்கும் இருக்குதுங்க. ரெண்டும் சேந்துதான் பாப்பாவுக்கு இப்பிடி. உங்கப்பா, எங்க அப்புச்சி ஊட்டு வழியா, உங்களுக்கும் மாமனுக்கும் வந்து, எங்களுக்கு எறங்கியிருக்கும்னு டாக்டர் சொன்னாருங்க. நாந்தான் இவ வாயக் கட்டிப்போட்டேன்.”

சின்னாத்தாள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் பழித்தது தன் பிறந்த வீட்டு ரத்தத்தையா?

உள்ளேயிருந்து தரணி வந்து நித்யஸ்ரீயின் தோளைப் பிடித்தாள். “அண்ணி, பாப்பாகூட நானும் ஆஸ்பத்திரிக்கு வர்றேன். உங்க தம்பியையும் வரச் சொல்லுங்க. ரிசல்ட் வரட்டும், அப்பறம் மாத்திக்கலாம்.”

சின்னாத்தாள் கையை நீட்டினாள். “மொதல்ல எனக்குக் குத்திப் பாக்கச் சொல்லு. உன்னையப் போயி... நான்... மன்னிச்சுரு சாமி!”

நித்யஸ்ரீ அழவில்லை. “வாங்க அத்தை. ஆனா, எம்புள்ளைக்குப் பேரு இருக்குதுங்க.”

சின்னாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“யாழினி... வா கண்ணு, போலாம்.”

அப்போதுதான் நித்யஸ்ரீக்கு அழுகை வந்தது.