கோப்பியைக் கடித்தது யார்?

சனிக்கிழமை, காலை 9.10.

சந்திரகலா அக்கா போட்ட சத்தத்தில் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டின் மூன்று மாடிக்கும் தூக்கம் போச்சு. கையில் கிளினிக் சீட்டு. அவருடைய பூனைக்குட்டி கோப்பிக்கு எஃப்.ஐ.வி. பாசிட்டிவாம். பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியை மெல்ல மெல்ல அரிக்கிற கிருமி அது. மனுசனுக்கு ஒட்டாது, பூனையைப் பூனை ஆழமாகக் கடித்தால்தான் பரவும்.

"கடிச்சது விஜயன் வீட்டு டைகர்தான். பதினொரு மணிக்கு மேல அது இங்க இருக்கக்கூடாது."

விஜயன் பாவம், மனைவி இறந்துபோனபின் டைகரே கதி என்று கிடக்கிறவர். எதிர்த்துப் பேசத் தெரியாமல் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு யுகேந்திரனுக்கு அது பொறுக்கவில்லை. இன்சூரன்ஸ் கிளெய்ம் சோதிக்கிற ஆள் அவன். யார் எதைச் சொன்னாலும் நம்பாமல் இருப்பதுதான் பிழைப்பு.

காலை 9.40. கோப்பியை மடியில் போட்டு முடியை விலக்கி விலக்கிப் பார்த்தான். ஒரு வடுகூட இல்லை. குட்டி அவன் விரலைக் கடித்து விளையாடியது. விரலை எடுத்தபோது பாயில் அரிசிக் குருணை மாதிரி ஒரு பல் கிடந்தது.

"வயசு என்னக்கா?"

"எட்டு மாசம். சீட்டுலயே போட்டிருக்குல்ல." அக்கா குட்டியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

எதற்கு டெஸ்ட் என்றும் சீட்டில் இருந்தது: கருத்தடை ஆபரேஷனுக்கு. ஆறு மாசம் ஆகாத குட்டியை அந்த கிளினிக்கில் தொட மாட்டார்கள்.

காலை 10.05. அக்காவுக்குக் குட்டியைக் கொடுத்த, கிள்ளானில் இருக்கும் மலர்விழிக்கு போன் போட்டான். தாய்ப்பூனைக்கும் போன மாசம் பாசிட்டிவ் என்று வந்ததாம். ஆனாலும் நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்துத் திரிகிறதாம்.

காலை 10.30. விஜயன் கூண்டோடு லிஃப்டுக்குக் காத்திருந்தார். பக்கத்தில் சந்திரகலா அக்கா காவல் நின்றார். யுகேந்திரன் வழிமறித்தான்.

"டைகர் கடிக்கல. குற்றவாளி நீங்கதான்க்கா."

அவன் பல்லைக் காட்டினான். பால் பல். எட்டு மாசப் பூனைக்கு அது எப்போதோ விழுந்திருக்கும். இதற்கு நாலு மாசம்தான் என்று மலர்விழியும் சொல்லிவிட்டார். டெஸ்ட் தேடுவது கிருமியை இல்லை, அதை எதிர்க்க உடம்பில் உண்டாகும் ஆன்டிபாடியை. தாய்ப்பாலோடு அது குட்டிக்கும் வரும், ஆறு மாசத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். உண்மை வயசு தெரிந்திருந்தால் டாக்டரே மறுபடி வரச் சொல்லியிருப்பார்.

"போன்ல கேட்டப்ப ரெண்டு மாசம் கழிச்சு வான்னு சொன்னாங்க லா. அதான் வயச கூட்டிச் சொல்லிட்டேன்," என்று அக்கா முனகினார்.

விஜயன் கூண்டைத் திறந்தார்.

மூன்று மாசம் கழித்து, மதியம் 12.15. இரண்டு பூனைக்கும் டெஸ்ட். இரண்டும் நெகட்டிவ். அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். நேரே மூன்றாம் மாடி ஏறி, விஜயனைக்கூட விசாரிக்காமல் அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

"டைகர், என்னை மன்னிச்சிடுப்பா."

டைகர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.