சிவப்புச் செருப்பில்லாத பொம்மை

“கையைப் பிடிச்சு ஆட்டாதடா. நூல் அறுந்து இப்பத்தான் கட்டியிருக்கேன்.”

“செருப்பு செக்கச்செவேல்னு இருக்குதுக்கா. எனக்கே எனக்கா?”

“நான் கேக்கிற வரைக்கும் உனக்கு.”

வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணத்துக்காக வளவனூரை விட்டுக் கிளம்பிய காலையில், லூர்து மேரி தன் தம்பி மரியஅந்தோணியிடம் கடைசியாகப் பேசியது இதுதான். அப்போது அவள் நர்சிங் மாணவி. இப்போது திண்டிவனத்தில் நர்ஸ். தலையில் பாதி நரை. அம்மா இறந்தபின், சொத்தில் பங்கு எதுவும் வேண்டாம், பொம்மை மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பினாள். வந்தது. காலில் சிவப்பைத்தான் காணவில்லை.

நைட் டியூட்டி எரிச்சல் கண்ணை விட்டுப் போகாமலே விழுப்புரம் பஸ் ஏறினாள். பழைய பொம்மைகளுக்கு வயதும் விலையும் சொல்லும் மலர்விழியின் மேசையில் பொம்மை டப்பாவை வைத்தாள்.

“நல்லத வித்துட்டு போலிய அனுப்பியிருக்கான். அது மட்டும் உறுதியாச்சுன்னா, இனி அவனுக்கு அக்கா இல்ல.”

“இதுல உறுதி வேறயா?” கடைக் கூட்டாளி பாரூக் எட்டிப் பார்த்தான். “ஜெராக்ஸ் பொம்மைதான்க்கா இது. கேஸ் முடிஞ்சிது, மேடம். டீ சொல்லவா?”

“டீய நீ சொல்லு. கேஸ நான் சொல்றேன்,” என்றாள் மலர்விழி.

சுட்டுவிரல் நீளப் பொம்மை, பளபளப்பில்லாத பீங்கான். முதுகில் ‘ஜப்பான்’ என்று ஆங்கில எழுத்துகள் பதிந்திருந்தன. மஞ்சள் முடியும் நீலக் கண்ணும் அப்படியே இருந்தன. பாதங்கள் மட்டும் வெளுத்திருந்தன. இரு கால்களுக்கும் இடையிலிருந்த இடுக்கில் மட்டும் நூலிழை அளவு சிவப்பு. பொம்மையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் மங்கிய ரோஜா நிறக் கறைகள்.

மலர்விழி இடுக்கியால் தோள் துளைக்குள்ளிருந்து நூலை மெல்ல இழுத்தாள். “இந்த முடிச்சு யாரு போட்டது?”

லூர்து மேரி குனிந்தாள். காயத்துக்குத் தையல் போடும் முடிச்சு. நர்சிங் பள்ளியில் புதிதாகக் கற்ற ஜோரில் அவளே போட்டது.

“என்னுதுதான்... அப்ப சிவப்பு எங்க போச்சு?”

“அத உங்க தம்பிதான் சொல்லணும்.” மலர்விழி நம்பரைக் கேட்டுப் போனை எடுத்தாள்.

அடுத்த டீயும் ஆறுவதற்குள் வளவனூரிலிருந்து பைக்கில் மரியஅந்தோணி வந்துவிட்டான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அக்கா சுவரைப் பார்த்தாள்.

“பொம்மை அசல்தான்,” என்றாள் மலர்விழி. “இந்த மாதிரி ஜப்பான் பொம்மைங்கள்ல சூளைல சுட்டப்புறம் மேலாகப் பூசின சாயம். ஈரம் பட்டுத் துடைச்சா போய்டும். கழுவியிருந்தா முடியும் கண்ணும் சேர்ந்து போயிருக்கும். பாதம் மட்டும்தான் போயிருக்கு. துணியிலயும் அதே சிவப்பு. பாதத்தத் தொட்டு, உடனே துடைக்கிறது எங்க நடக்கும்?”

“கிறிஸ்துமஸ் குடில்ல... பாலன் சேசுவுக்கு,” என்றாள் லூர்து மேரி. கிறிஸ்துமஸ் ராத்திரி, குடிலில் வைத்த பாலன் இயேசுவின் பாதத்தை ஒவ்வொருவராக முத்தமிட்டு முத்தி செய்வார்கள். பக்கத்தில் நிற்பவர் துணியால் துடைத்து அடுத்தவரிடம் நீட்டுவார்.

“சேசு ஷூ போட்டுக்கினா?” பாரூக் வாய்விட்டுக் கேட்டான்.

“நம்ம வீட்ல பாலன நீதானக்கா வெப்ப,” என்றான் தம்பி. “நீ போனப்புறம் என்னை வெக்கச் சொன்னாங்க. கை வரல. பாலன் சொரூபம் பஞ்சுக்குள்ளயே கெடக்குது. அதுக்கு பதிலா வருசா வருசம் உன் பொம்மையத்தான் துணி சுத்தி வெச்சிக்கினு வர்றோம்.”

“அம்மா ஒண்ணும் சொல்லலையா?”

“அம்மாதான் மொத ஆளா முத்தி பண்ணும்.”

லூர்து மேரி வெளுத்த பாதங்களைக் கட்டைவிரலால் தடவினாள்.

“வெல கொறஞ்சி போச்சுல்ல, மேடம்?” தம்பி தயங்கிக் கேட்டான்.

“பாதிக்கும் கீழ,” என்றாள் மலர்விழி.

அவன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். இத்தனை கிறிஸ்துமஸும் வாய்வரை வந்து திரும்பிப் போனது, இப்போது வெளியே வந்தது.

“அக்கா, இந்த வருசம் வீட்டுக்கு வா. பாலன நீ வந்து வை.”