குமுதாவின் தலை சொன்ன பதில்

கிள்ளான் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புக் குமுதாவுக்கும் ரிஷிக்கும் ஒரே பெருமை. இருக்காதா பின்னே? பின்லாந்துச் சிறுமி ஐனோவோடு கணினித் திரை வழியாகச் சேர்ந்து, மழையைப் பற்றி ஒரு படக்கதை செய்கிறார்களே! கதை இவர்களுடையது, படங்கள் அவளுடையவை.

ஐனோ அழகாக வரைவாள். ஆனால் ஒரு வாரம் காட்டிய படத்தை மறுவாரம் ஓரங்கட்டிவிடுவாள். வேறொன்றோடு வந்து நிற்பாள்.

"நல்ல படத்தையெல்லாம் ஏன்லா மாத்துறா? வெள்ளிக்கிழமை குடுக்கணும்!" என்று புலம்பினான் ரிஷி.

அன்று ஐனோ புதுப்படத்தைத் தூக்கிப் பிடித்தாள். கொட்டும் மழை. ஒரே குடைக்குள் மூன்று பிள்ளைகளும் ஒரு மாடும். பாவம், மாட்டின் பின்பாதி மட்டும் தொப்பலாக நனைகிறது!

குமுதா சொக்கிப்போனாள். அவசரத்துக்கு ஆங்கிலமும் வரவில்லை.

ஐனோவின் முகமோ வாடியது. "வேறு யாரையாவது வரையச் சொல்லுங்கள். நான் விலகிக்கொள்கிறேன்" என்றாள் ஆங்கிலத்தில்.

குமுதாவுக்குத் திக்கென்றது. நாம்தான் ஒன்றுமே சொல்லவில்லையே!

திரையின் மூலையில், சின்னக் கட்டத்தில், இவர்கள் இருவரும் தெரிந்தார்கள். ரிஷியின் தலை இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு தலை, அதைவிட வேகமாக. அட, அது அவளுடையதேதான்!

"டேய், தலைய நிறுத்துடா!"

"ஏன்? படம் சூப்பர்லா!"

"அது நமக்குத் தெரியும். நாம வேணாம்னு சொல்றோம்னு அவ நெனச்சிட்டாடா! ஒவ்வொரு வாரமும்!"

குமுதா திரையை நெருங்கி, சொற்களைத் தேடித்தேடிச் சொன்னாள். "ஐனோ, எங்களுக்கு ஒன்று ரொம்பப் பிடித்துவிட்டால், வாய்க்கு முன்னால் தலை பேசிவிடும். வேண்டாம் என்றால் இப்படி." முகத்தை இடவலமாகத் திருப்பினாள். "பிரமாதம் என்றால் இப்படி." காது தோளைத் தொடப்போவதுபோல் சாய்ந்து சாய்ந்து ஆடினாள்.

ஐனோ விழித்தாள். "அப்படியானால், முதலில் காட்டிய தவளைப் படம்?"

இரண்டு தலைகளும் சாய்ந்தாடின.

"படகுப் படம்?"

ரிஷி ஆடிய ஆட்டத்தில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. ஐனோ சிரித்துவிட்டாள். மேசைக்கடியிலிருந்து ஒரு கட்டுப் படங்களை எடுத்து வைத்தாள். கதைக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருந்தன!

வெள்ளிக்கிழமை பள்ளி மண்டபத் திரையில் படக்கதை ஓடியது. மாடு வந்ததும் ஒரே கைதட்டல். குமுதா நிமிர்ந்து நின்றாள். திரையில் ஐனோவும் வந்தாள்.

"மறுபடியும் இவர்களோடு சேர்ந்து வேலை செய்வாயா?" என்று கேட்டார் லோகேஸ்வரி டீச்சர்.

ஐனோ திரையை நெருங்கி வந்தாள். எண்ணெய் போடாத கதவைப்போல அவள் தலை மெல்ல இந்தத் தோளுக்குச் சாய்ந்தது. பிறகு அந்தத் தோளுக்கு.

மண்டபம் முழுக்கத் தலைகள் பதில் சொல்லின.