துரை நடந்த தரை

தரை முழுக்கக் காய்ந்துவிட்டது. ஃபிரிட்ஜுக்கு முன்னால் மட்டும் காயவில்லை. பெரிய ஈரம் ஒன்றும் இல்லை. காசு அகலத்துக்கு ஒரு வட்டம், அதன் தலைமாட்டில் நான்கு பொட்டு. மாப்பை ஊன்றிக்கொண்டு பளிங்கு அதையே பார்த்து நின்றாள்.

பளிங்கு என்பது அக்கம்பக்கத்தார் கேலிக்கு வைத்த பெயர். அவளோ அதைப் பட்டமாகச் சூட்டிக்கொண்டு திரிந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பாதத்தைப் பார்ப்பாள். வாளிக்கு ஒரு மூடி பினாயில் போதும் என்று பாட்டிலில் அச்சடித்திருந்தால், அச்சடித்தவனுக்குச் சுத்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கடகடவென்று கவிழ்ப்பாள். தண்ணீர் பாலாக வெளுத்து, மூக்கு எரிந்து, கண்ணில் நீர் கோத்தால்தான் அவள் கணக்கில் தரை துடைத்ததாக அர்த்தம்.

ஈரம் இருந்த இடத்தில்தான் போன வாரம்வரை துரையின் கிண்ணம் இருந்தது.

துரை, நாத்தனாரின் பூனை. பெயர் பளிங்கு வைத்தது. தையல் மிஷினும் பூனையுமாகத் தம்பி வீட்டில் வந்து தங்கிய நாத்தனாரை வாய்விட்டு ஏச முடியாத குறையைப் பூனையை ஏசித் தீர்த்துக்கொண்டாள். "துரை எந்திரிச்சாச்சா? துரைக்குக் கால் பிடிச்சு விடணுமா?" துரை திரும்பிப் பார்க்கும். சம்பளத்துக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல, அரைக்கண்ணால். பிறகு முன்னங்காலைத் தூக்கி நிதானமாக நக்கும். நக்கிய காலால் காதை ஓர் இழுப்பு இழுக்கும். மறுபடி நக்கும். பேச்சு முடிந்தது, நீ போகலாம் என்பதுபோல.

அதன் வாயில் எச்சில் நூலாக ஒழுகத் தொடங்கியதும் நாத்தனார் மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து வாசலிலேயே சொன்னாள்:

"நாக்கெல்லாம் புண்ணும்மா. ஈரத் தரையில நடந்துட்டு அதே காலை நக்குதில்ல, பினாயில் அப்படியே உள்ள போகுதாம். இனிமே ஊத்தாத. வெறும் தண்ணியில துடைச்சாப் போதும்னாரு."

"அதுக்கு நக்கற புத்தி இருந்தா நான் என்ன அண்ணி பண்றது? பூனைக்காகப் பன்னீர்லயா துடைக்க முடியும்?"

"காயற வரைக்கும் கதவையாவது சாத்தி வை. உன் பிள்ளையும் அந்தத் தரையிலதான் தவழுது."

"பிள்ளைக்காகத்தான் ஊத்தறேன். கிருமி சாகணும்ல? உங்களுக்கு அதெல்லாம் எங்க புரியப் போகுது."

மறுநாள் வீம்புக்கு இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றினாள்.

ஃபிரிட்ஜுக்கு முன்னால் போய்ப் படுத்த துரை பிறகு எழவில்லை. நாத்தனார் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. பூனையைப் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டியபடி திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே உன் தரையை நக்க இந்த வீட்டுல யாரும் இல்லம்மா. நிம்மதியா இரு."

பளிங்கு நிம்மதியாகத்தான் இருந்தாள், இந்த மத்தியானம்வரை. வெளியே மழை அடைத்துக்கொண்டு பெய்தது. சன்னல்களை எல்லாம் சாத்திய வீட்டுக்குள் பினாயிலும் அந்துருண்டையும் கொசுவர்த்திப் புகையும் ஒன்றாகக் குழைந்து நின்றன. கரண்ட் போய் ஃபிரிட்ஜின் உறுமலும் அடங்கிவிட, உள் அறையில் கீழே விரித்த மெத்தையில் தூங்கும் குழந்தையின் மூச்சு சாத்திய கதவைத் தாண்டிக் கூடத்துக்குக் கேட்டது.

ஈரத்தை அழுத்தித் துடைத்தாள். நிமிர்ந்தாள். அது அங்கேயே இருந்தது. அதற்கு ஒரு சாண் முன்னால் இன்னொன்று.

"கூரை ஒழுகுது," என்று சொல்லிக்கொண்டாள். கூரைக்கு விரல் உண்டா என்று தன்னையே கேட்டுக்கொள்ளத் துணிவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம். சர்... சர்... உப்புத்தாளில் ஈரத்துணியை இழுப்பதுபோல. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

"சீ! போ!"

நின்றது. அவள் மூச்சு விட்டதும் மறுபடி. சர்... சர்...

தடங்கள் கூடத்துக்குப் போயிருந்தன. சோபா ஓரமாக. மேஜைக்கு அடியில். துடைக்கத் துடைக்க முன்னால் ஒன்று. அவள் வாய் அடங்கவில்லை. "செத்தும் என் தரையை விடமாட்டியா, நாத்தம் பிடிச்ச பீடையே!" வாளியை உதைத்துத் தள்ளினாள்; தண்ணீர் கூடமெங்கும் கொட்டியது. பாட்டிலையே திறந்தாள். தண்ணீர் கலக்காமல், கடைசித் தடத்தின்மேல், முழுதாகக் கவிழ்த்தாள்.

தண்ணீர் தேங்கிக் கிடந்த தரையில் விழுந்ததும் அது பாலாக வெளுத்தது. பரவியது. பளிங்குத் தரை, தடுக்க எதுவும் இல்லை. அறைப் பக்கம் வாட்டமாகச் சரிந்தது. கதவின் அடி இடுக்கில் நுழைந்தது.

சத்தம் இப்போது உள்ளேயிருந்து வந்தது.

சர்...

குழந்தையின் மூச்சு கேட்கவில்லை.

கதவைத் தள்ளினாள். மெத்தை காலி. வெள்ளைக் குளத்தின் நடுவில் குழந்தை உட்கார்ந்திருந்தான். அழவில்லை. கதவிலிருந்து அவன் மடிவரை, வெள்ளையில் பதிந்து மூடாமல் நின்றன தடங்கள். வந்த தடம் இருந்தது. திரும்பிய தடம் இல்லை.

"கண்ணா... கையை வாயில வைக்காதடா. அம்மா வரேன்."

நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

குழந்தை திரும்பிப் பார்த்தான். அரைக்கண்ணால். கடைவாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது.

சம்பளத்துக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு கையைத் தூக்கி, மணிக்கட்டை நிதானமாக நக்கினான். நக்கிய கையால் காதை ஓர் இழுப்பு இழுத்தான்.

மறுபடி நக்கினான்.