சாப்பிட்ட பின் அரை மணி நேரம்

அவன் செய்தது நல்ல காரியம்தான். யாராவது இல்லையென்று சொல்ல முடியுமா? எதிரே ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறாள்... பார்த்தவன் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறான். இதற்குப் போய் ஒருத்தி கோபப்படுவாளா?

பட்டாளே! அதுவும் எப்படி!

அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், எல்லாக் கடைகளிலும் வேலை செய்பவர்களுக்குப் பொதுவாக ஒரு சாப்பாட்டு அறை. நாலு மேஜை, மூலையில் தண்ணீர் கேன், பெரிய ஜன்னல். அன்றைக்கு நல்ல மழை. ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கோடு கோடாக நீர் வழிந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள் அவள். காலையிலிருந்து ஓயாத கூட்டம். திரும்பிப் போகிற அவசரத்தில், அவித்த முட்டையைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டாள். அவ்வளவுதான்... நெஞ்சுக்குள் கல்லை வைத்த மாதிரி அப்படியே நின்றுவிட்டது.

லிஃப்ட் பழுது பார்க்க வந்த மெக்கானிக் அப்போதுதான் உள்ளே நுழைந்தான். பார்த்தான். ஓடினான். டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனான்.

"குடிங்க, குடிங்க... ஒரு மடக்கு குடிச்சா இறங்கிடும்!"

அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அவன் விடுகிற ஆளா?

"அட, குடிங்கன்னா!"

அவள் தட்டிவிட்டாள். டம்ளர் ஒரு பக்கம் பறக்க, தண்ணீர் மொத்தமும் அவன் சட்டையில்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, மெல்ல மூச்சு விட்டு, அடைத்தது இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"உங்களை யாருங்க கேட்டா?"

"இது நல்ல கதையா இருக்கே! உதவி பண்ண வந்தது குத்தமா?"

"கேக்காம பண்ணா குத்தம்தான்."

"சரிங்க மேடம். இனிமே நீங்க மயங்கி விழுந்தாலும், மனு எழுதிக் கொடுத்தாத்தான் வருவேன்!"

தொழில் புத்தி எங்கே போகும்? அந்தக் கோபத்திலும் அவள் அவன் கண்களைத்தான் பார்த்தாள். அடர்ந்த பழுப்பு... ஆணுக்கு எதற்கு இவ்வளவு நீள இமைமுடி? இடது கண் லேசாகச் சிவந்திருந்தது. தூசி பட்டிருக்கும், சொட்டு மருந்து விட்டால் தேவலை... சீ, உனக்கெதுக்கடி அந்த அக்கறை!

கேட்டால் சொல்லியிருக்கலாம்தான். எட்டு மாதத்துக்கு முன் உடம்பு இளைக்க ஆபரேஷன் செய்துகொண்டவள் அவள். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்தாகிவிட்டது. மிச்சமிருக்கிற சின்னப் பையில் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் ஒரே நேரத்தில் இடம் கிடையாது. சேர்ந்து உள்ளே போனால் நெஞ்சு வலி, வியர்வை, வாந்தி. அதனால் டயட்டீஷியன் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சாப்பிடுவதற்கு அரை மணி முன்னாலேயே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். சாப்பிடும்போது ஒரு சொட்டுகூடக் கூடாது. சாப்பிட்டு முடித்தும் அரை மணி பொறுக்க வேண்டும். மற்ற நேரத்தில் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கலாம்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்கிறீர்களா? அதை அவள் அக்காவிடம் போய்க் கேளுங்கள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே, சொல்லிட்டேன்!" என்பாள் அக்கா. அக்கா கெட்டவள் அல்ல. நாலு மாதத்துக்கு முன் ஒரு வரன் கூடிவந்தது. அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். பையனின் அம்மா சிரித்த முகமாகவே கேட்டாள், "ஓ, ஆபரேஷன் பண்ணி இளைச்சதா... சரி, மறுபடி ஏறிட்டா?" அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போனே வரவில்லை. அன்றைக்கு அக்கா இவளைவிட அதிகமாக அழுதாள். அப்போது போட்ட சட்டம்தான் இது.

மறுநாள் அவன் நேராக அவள் மேஜைக்கே வந்தான்.

"நேத்து... தப்பு எம்மேலதான். மன்னிச்சுக்கங்க."

இவன் முந்திக்கொண்டானே என்று அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "சட்டை காஞ்சுதா?"

"சட்டை காஞ்சிடுச்சு. மனசுதான்..."

"போதும், வசனமெல்லாம் வேண்டாம். உக்காருங்க."

உட்கார்ந்தவன் அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். மூன்று வாரம் ஓடிப்போனது. அவள் ஒரு வாய் மெல்வதற்குள் அவன் டிபன் பாக்ஸ் காலி.

"என்னங்க இது, குருவி கொத்தற மாதிரி! இந்த ஸ்பீடுல போனா மத்தியான சாப்பாடு முடிய மறுநாள் ஆயிடுமே?"

"உங்களை மாதிரி லாரில ஏத்தற வேகத்துல எனக்கு வராது."

அவன் வாய்விட்டுச் சிரிப்பான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். கடையில் மாலைவரை அந்தச் சிரிப்பு அவள் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். "மேடம் இன்னிக்கு ஜாலியா இருக்காங்க" என்று கண் காட்ட வந்தவர்களே சொல்லுமளவுக்கு!

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்தான். பாவம், அவனும் தினமும் பார்க்கிறானல்லவா? ஒன்று இருபத்தைந்துக்கு டப்பாவை மூடுவாள். மொபைலை எதிரே நிமிர்த்தி வைப்பாள். பிறகு அதையே பார்ப்பாள்... ஜன்னலைப் பார்ப்பாள்... வாசலைப் பார்ப்பாள்... மறுபடி மொபைல். ஒன்று ஐம்பத்தைந்துக்கு அது ஒருமுறை சிணுங்கும். சட்டென்று எழுந்து, பையிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

"தப்பா நினைக்காதீங்க..." என்று இழுத்தான். "தினமும் அரை மணி நேரம் இங்க யாருக்காகவோ காத்திருக்கீங்க. ஒரு நாள்கூட வந்தபாடில்லை. கடைசியில போன்ல ஒரு மெசேஜ் மட்டும் வருது. யாருங்க அவரு?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீர் குடிக்கத்தான் காத்திருக்கிறேன் என்று சொன்னால், ஏன் என்பான். ஏனென்று சொன்னால்... அந்த அம்மாளின் சிரித்த முகம் கண் முன்னால் வந்தது. இவன் முகத்திலும் அதே சிரிப்பைப் பார்த்துவிட்டால்?

"ஆமா... ஒருத்தருக்காகத்தான்" என்றாள்.

சொன்ன வாயை அப்போதே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

அவன் முகம் ஒரு நொடி வாடியது. உடனே சமாளித்துக்கொண்டான். "அடடா... இத்தனை நாளா நான் நடுவுல நந்தி மாதிரி உக்காந்திருக்கேனே! அவர் வாசல்வரைக்கும் வந்து, என்னைப் பார்த்துட்டுத் திரும்பிப் போறாரோ என்னவோ!"

மறுநாளிலிருந்து அவன் கோடி மேஜைக்குப் போய்விட்டான். பார்த்தால் ஒரு தலையாட்டல். அவ்வளவுதான். அவ்வளவு நல்லவன், படுபாவி! இல்லாத ஒருத்தனுக்காக இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகிறானே... அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அந்த அரை மணி நேரம் இவ்வளவு நீளமா என்று அந்த வாரம்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை கடைக்கு வந்து நின்றான். "கண்ணு டெஸ்ட் பண்ணணும்."

இருட்டாக்கிய சின்ன அறை. அவன் மூக்கில் லென்ஸ் மாட்டிப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை வைத்தாள். விரல் அவன் காதோரம் பட்டுவிட்டது... இரண்டு பேருமே கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

"எது தெளிவா இருக்கு? இதுவா..." லென்ஸை மாற்றினாள். "இதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"பார்த்துச் சொல்லுங்க. எதிர்ல எழுத்தைப் பாருங்க... என்னைப் பார்க்காதீங்க."

"சரி, எழுத்தைப் பார்க்கறேன்" என்றான். "நாளையோட இங்க வேலை முடியுதுங்க. அடுத்து வேற ஊர்ல."

அவள் கையிலிருந்த லென்ஸ் பெட்டிக்குள் போகாமல் விளிம்பில் இடித்தது.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். உங்களைத் தினமும் காக்க வைக்கறவரு யாரோ எவரோ... அவர்கிட்ட சண்டை போடுங்க. உங்களை மாதிரி ஒருத்தரை இப்படி உக்கார வைக்கலாமா?"

அவள் வாயைத் திறந்தாள். அக்காவின் குரல் காதுக்குள் கேட்டது. வாயை மூடிக்கொண்டாள். "உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லை. கண்ணாடி வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று முழுக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம். வேண்டாமென்று யாரோ சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, தானே முதலில் ஒருத்தனை அனுப்பிவைக்கிறாளே... இதற்கா அத்தனை வலியும் பட்டினியும் பட்டாள்?

வெள்ளிக்கிழமை. மழை விட்டிருந்தது. கோடி மேஜையில் அவன் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் டப்பாவோடு போய் எதிரே உட்கார்ந்தாள்.

"அய்யோ, அவர் வந்தா..."

"வரமாட்டார். அப்படி ஒருத்தரே கிடையாது. நான் சொன்னது பொய்."

கையில் எடுத்த கவளத்தோடு அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும். ஆபரேஷன், சின்னப் பை, மொபைலில் வைத்த அலாரம், அன்றைக்கு ஏன் தண்ணீரைத் தட்டிவிட்டாள், அந்த வரன், அந்த அம்மாள் கேட்ட கேள்வி... எல்லாம் கொட்டினாள்.

"நான் நூத்திப் பதினாறு கிலோ இருந்தேங்க."

அவன் பார்வை மேஜைக்குத் தாழ்ந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

"என்ன, மனசுக்குள்ள கணக்குப் போடறீங்களா? உங்க தொழிலே அதுதானே! காலேஜ்ல ஒரு நாள் லிஃப்ட்ல கடைசியா ஏறினேன். ஓவர்லோடு மணி அடிச்சுது. எல்லாரும் என்னையே பார்த்தாங்க... யாரோ சிரிச்சாங்க. இறங்கிட்டேன். அதுக்கப்புறம் படிப்பு முடியறவரைக்கும் அஞ்சு மாடியும் நடந்துதான்."

அவன் கவளத்தை டப்பாவிலேயே வைத்தான்.

"பதிமூணு வருஷமா லிஃப்ட் பார்க்கறேங்க" என்றான் மெதுவாக. "அந்த மணிக்கு ஆள் அடையாளமே தெரியாது. உள்ள நிக்கற அத்தனை பேரோட மொத்த எடைதான் அதுக்குத் தெரியும். முன்னாடி ஏறின ஒல்லிக்குச்சியும் சேர்ந்துதான் அதை அடிக்க வச்சான். ஆனா கடைசியா ஏறினவங்களைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. உங்களை இறங்க விட்டுட்டு நின்னாங்களே... அவங்கள்ல ஒருத்தனாவது இறங்கியிருக்கணும்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடமாக உள்ளே கிடந்த அழுகை அது. யாரும் இப்படிச் சொன்னதில்லை. அப்பாகூட, அக்காகூட.

"இப்ப நான் சொல்றேன்" என்றான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. அப்பவே பார்த்திருந்தாலும் பிடிச்சிருக்கும்னு சொன்னா புளுகு, அப்ப உங்களைத் தெரியாதே. ஆனா 'மறுபடி ஏறிட்டா?'ன்னு கேக்க மாட்டேன். ஏறினா ஏறட்டும். நீங்க சாப்பிடற வரைக்கும், குடிக்கற வரைக்கும், நான் பக்கத்துல இருந்தாப் போதும்."

அந்த நேரம் பார்த்து மொபைல் அடித்தது. அக்கா! அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு? அழறியா?"

"அக்கா... நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எதை? யார்கிட்ட?"

அவள் எதிரே பார்த்தாள்.

"ஆபரேஷனை. லிஃப்ட் வேலை பார்க்க வந்தவர்கிட்ட."

"அடிப்பாவி! யாரோ ஒருத்தர்கிட்டயா? எதுக்குடி?"

முகமெல்லாம் சிவந்து, ஆனால் கண்ணை அவனிடமிருந்து எடுக்காமல், ஒவ்வொரு வார்த்தையாக அவள் சொன்னாள்.

"எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு அக்கா. அதனாலதான்."