தொடைக்குள் ஒரு தசை

"நடிக்காதே, எழுந்திரு!"

சொன்னது வேறு யாருமில்லை, தவளையின் சொந்த அக்கா. அவள்தான் கால்பந்து அணியின் கேப்டன். தங்கை கோல்கீப்பர். எகிறி எகிறிப் பந்தைப் பிடிப்பதால் எல்லோருக்கும் அவள் தவளை.

அன்று பயிற்சியில் பக்கவாட்டில் தாவியபோது கால் வழுக்கியது. வலது உள்தொடையில் சுளீரென்றது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரத்தம் இல்ல, வீக்கம் இல்ல. நாளைக்குப் போட்டின்னதும் பயந்துட்டியா?"

அணியே சிரித்தது. தவளைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வலி என்ன, பெயர்ப்பலகை மாட்டிக்கிட்டா வரும்?"

டாக்டர் பார்த்துவிட்டு, "தசை லேசா கிழிஞ்சிருக்கு. கொஞ்ச நாள் ஓடக் கூடாது" என்றார்.

"அவர்கிட்டயும் நல்லா நடிச்சிருக்கே!" என்றாள் அக்கா.

தவளை வீட்டுக்கு வந்ததும் அறிவியல் புத்தகத்தைப் புரட்டினாள். உடல் படத்தில் ஒரு மெல்லிய சிவப்புப் பட்டை, இடுப்பெலும்பில் தொடங்கி, உள்தொடை வழியாக, முழங்காலுக்குக் கீழே வரை ஓடியது. சரியாக அவளுக்கு வலிக்கும் இடம்!

நொண்டிக்கொண்டே பந்தோடு அக்காவிடம் போனாள்.

"இதை ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல வெச்சு அமுக்கு."

"எதுக்குடி?"

"அமுக்கேன்! இப்போ உள்தொடையைத் தொட்டுப் பாரு."

"அட, கல்லு மாதிரி ஆயிடுச்சே!"

"அங்க இருக்கிற தசைதான் காலை உள்பக்கமா இழுக்குது. தாவும்போது விரிஞ்ச கால் திரும்பி வரணும்னா அது வேணும். எனக்கு அதுதான் கிழிஞ்சிருக்கு. உன் கண்ணுக்குத் தெரியலைன்னா, இல்லைன்னு ஆயிடுமா?"

அக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது.

"சாரிடி."

"என்கிட்ட மட்டும் சொன்னா? எல்லார் முன்னாடியும்தானே நடிப்புன்னு சொன்னே!"

மறுநாள் போட்டி தொடங்கும் முன் மைதானத்தில் அக்கா எல்லோரையும் கூப்பிட்டாள்.

"இவ நடிக்கல. நான் சொன்னது தப்பு."

"நல்ல நாடகம்தான்" என்று முணுமுணுத்தாள், ஒட்டகம் என்று பெயரெடுத்த உயரமான பெண்.

அக்கா சட்டென்று திரும்பினாள். "நாடகமா? பந்தை எடு! எல்லாரும் எடுங்க!"

கொஞ்ச நேரத்தில் மொத்த அணியும் முழங்கால்களுக்கு நடுவில் பந்தை இடுக்கிக்கொண்டு, தொடையைத் தடவியபடி நின்றது. பயிற்சியாளரும் இடுக்கிப் பார்த்தார். அவருடைய பந்து நழுவி ஓடியது.

பெஞ்சில் காலை நீட்டி, ஐஸ் பையோடு சாய்ந்திருந்த தவளை ஆணையிட்டாள்:

"இன்னும் நல்லா அமுக்குங்க, சார்!"